வெயிலுக்கு எல்லைக்கல்

ஜூன் 12, திங்கள்

முதல் பதிவு என்பதால் முறையாக எழுதுகிறேன். பெயர் தெய்வசிகாமணி. நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன். இருப்பு திருச்சி, கே.கே. நகர், சொந்த வீடு. மனைவி மங்கையர்க்கரசி இன்று காலை பஸ்ஸில் மன்னார்குடி போயிருக்கிறாள். அவள் தங்கை திலகவதி குளியலறையில் வழுக்கி விழுந்து கணுக்கால் எலும்பு முறிந்துவிட்டது. திலகவதி பள்ளித் தலைமை ஆசிரியை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பார்த்துக்கொள்ள வேறு ஆள் கிடையாது, அதனால் போகத்தான் வேண்டும்.

நானே பஸ் நிலையம் வரை போய் ஏற்றிவிட்டேன். ஒரு கைப்பை, இரண்டு பெரிய சூட்கேஸ். கணுக்காலுக்கு எதற்கு இரண்டு சூட்கேஸ் என்று கேட்டேன். "இருக்கட்டுங்க" என்றாள்.

"எப்ப வருவே?"

"இப்போதைக்குத் தெரியல."

எனக்குப் பிடிக்காத சொல் இது. எங்கள் துறைப் பதிவேட்டில் 'இப்போதைக்கு' என்பதற்குக் கலம் கிடையாது. எல்லைக்கல் இருக்கிறது அல்லது இல்லை. பஸ் புறப்பட்டபோது அவள் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. கண்டக்டரிடம் சில்லறை வாங்கிக்கொண்டிருந்திருப்பாள்.

இந்த டைரி புத்தாண்டுக்கு யாரோ கொடுத்தது. இதுவரை ஓர் எழுத்துகூட எழுதவில்லை. இப்போது எழுத நேரம் இருக்கிறது.

ஜூன் 14

தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றியே காலைப்பொழுது போய்விட்டது. வடக்குப் பக்கமும் தெற்குப் பக்கமுமாக நாற்பதுக்குக் குறையாமல் தொட்டிகள். சிலதுக்கு தினமும், சிலதுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள். மற்றதுக்கு "மண்ணைத் தொட்டுப் பாத்து ஊத்துங்க" என்று பஸ் ஏறும்போது சொன்னாள். தொட்டுப் பார்த்தேன். மண்ணாக இருந்தது. இதிலிருந்து என்ன தெரிந்துகொள்ள வேண்டும் என்று விளங்கவில்லை.

வீட்டின் இரு பக்கமும் உள்ள சிமெண்டு நடையில் போன மாதம் நான் போட்ட மஞ்சள் வட்டங்கள் நன்றாகக் காய்ந்து பளிச்சென்று இருக்கின்றன. வட்டத்துக்கு ஒரு நம்பர், அதே நம்பர் தொட்டியிலும். காரணம் உண்டு. வருடத்துக்கு இரண்டு தடவை அரசிக்கு ஒரு வேகம் வரும். வடக்கே இருக்கிற தொட்டியைத் தெற்கே இழுப்பாள், தெற்கே இருப்பதை வடக்கே இழுப்பாள். சில வீடுகளில் சோபாவை மாற்றி மாற்றிப் போடுவார்களே, அந்த மாதிரி வியாதி. சிமெண்டில் தொட்டி கரகரவென்று போகும் சத்தத்தில் பேப்பர் படிக்க முடியாது. அப்புறம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தைலம் தேடுவதும் அவள்தான். எல்லாவற்றுக்கும் நிரந்தரமாக ஒரு இடம் குறித்துவிட்டால் தொல்லை தீர்ந்தது. வட்டங்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்துக்கொண்டு நின்றாள். சிரித்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள். அவளுக்குப் பிடித்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

அதற்கு மறுவாரம்தான் திலகவதி விழுந்தாள்.

ஜூன் 18, ஞாயிறு

மகள் நிறைமதி சென்னையிலிருந்து போன் செய்தாள். சாப்பாடு என்ன செய்கிறேன் என்று கேட்டாள். ரசம் வைக்கக் கற்றுக்கொண்டதைச் சொன்னேன்.

"அம்மாகிட்ட பேசினீங்களாப்பா?"

"பேசினேன். கட்டு போட்டிருக்கு, நடக்கக் கூடாதாம்."

"நான் சித்தி கால கேக்கல. அம்மாகிட்ட ஏதாச்சும் கேட்டீங்களா?"

"எதை?"

"ஏதாச்சும்" என்றாள். குழந்தை அழுகிறது என்று வைத்துவிட்டாள். என்ன கேட்கச் சொல்கிறாள் என்று தெரியவில்லை.

ஜூன் 21

ஒரு யோசனை வந்திருக்கிறது. அரசிக்கு வீட்டில் வேலை அதிகம். அதிலும் பாதி வேலை இந்தத் தொட்டிகள். அவள் திரும்பி வரும்போது வேலையே இல்லாத ஒரு தோட்டம் இருந்தால்? ஒரு தடவை நட்டால் வருடக்கணக்கில் அதுபாட்டுக்கு நிற்கிற செடிகள். தொட்டி வேண்டாம், நேராக மண்ணில். இடம் இருக்கிறது: வீட்டின் வடக்குச் சுவரை ஒட்டி மூன்றடி அகலத்துக்கு மண், தெற்குச் சுவரை ஒட்டியும் அதே மாதிரி. இரண்டிலும் இத்தனை வருடம் புல்தான்.

ஆனால் எந்த வேலையும் அளவில் தொடங்க வேண்டும். எது வெயில் பகுதி, எது நிழல் பகுதி என்று தெரியாமல் நடுவது எல்லை பார்க்காமல் வேலி போடுவதற்குச் சமம். முளை அடித்து, நூல் கட்டி, காலை முதல் சாயங்காலம் வரை நிழலின் விளிம்பைக் குறித்தேன். சந்தேகத்துக்கு இடமே இல்லை. வடக்குப் பாத்தியில் நாள் முழுக்க வெயில். தெற்குப் பாத்தி நிழல், நடுப்பகலில்கூட ஓரத்தில் கொஞ்சம்தான் படுகிறது.

ஜூன் 23

நேற்றும் இன்றும் சரிபார்த்தேன். மாற்றம் இல்லை. சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டு, நான்கு மூலையிலும் சின்னக் கல் நட்டேன். பழையபடி, எது வெயில், எது நிழல் என்று எழுதி ஒரு புலப்படம் வரைந்தேன். கை நடுங்காமல் கோடு வந்தது. வெயிலுக்கு எல்லைக்கல் நட்ட முதல் சர்வேயர் நானாகத்தான் இருப்பேன்.

ஜூன் 25

நர்சரிக்குப் போனேன். அங்கிருந்த ஆளிடம் புலப்படத்தைக் காட்டினேன். தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பார்த்தான்.

"பராமரிப்பு கூடாது. ஒரு தடவ வச்சா பல வருஷம் நிக்கணும்" என்றேன்.

"நிக்கும் சார்."

"வெயில்ல வைக்கறது வெயில் தாங்கணும். நிழல்ல வைக்கறது நிழல்ல வரணும்."

"வந்துரும் சார்."

"தண்ணி அதிகம் கேக்காதே?"

"கேக்காது சார்."

இப்படிக் கேட்டதற்கு நேராகப் பதில் சொல்கிற மனிதரைப் பார்த்து நாளாகிவிட்டது. வெயிலுக்கு இட்லிப்பூ, நித்தியகல்யாணி, காகிதப்பூ, செம்பருத்தி. நிழலுக்குப் பெரணி, மணி பிளாண்ட், கோலியஸ். ஆட்டோவில் ஏற்றி வந்தேன்.

ஜூன் 29

தொட்டிகளை எதிர் வீட்டு செலினுக்குக் கொடுத்துவிட்டேன். செலின் அரசு மருத்துவமனையில் நர்ஸ். அரசியிடம் ஒட்டுதல். முதலில் தயங்கினாள்.

"அக்கா வந்து கேட்டா என்ன சார் சொல்றது?"

"அக்காவுக்காகத்தாம்மா பண்றேன். வந்தா சந்தோஷப்படுவா."

"சொல்லிட்டீங்களா அக்காகிட்ட?"

"திடீர்னு பாக்கட்டும்னு இருக்கேன்."

ஒவ்வொரு தொட்டியாகக் கொண்டுபோகும்போது கைக்குழந்தையை வாங்குகிற மாதிரி வாங்கினாள். நடை இப்போது சுத்தமாக இருக்கிறது. மஞ்சள் வட்டங்கள் மட்டும் காலியாக இருக்கின்றன. அவற்றுக்குக் கீழே பழைய தொட்டிகளின் வட்டக்கறை நிறையத் தெரிகிறது. வடக்கிலும் இருக்கிறது, தெற்கிலும் இருக்கிறது. எவ்வளவு இழுத்திருக்கிறாள் பாருங்கள்.

ஜூலை 2

நட்டு முடித்தேன். இடுப்பு வலி. தைலம் எங்கே வைத்திருக்கிறாள் என்று தெரியவில்லை.

ஜூலை 30

வடக்குப் பாத்தியில் இட்லிப்பூ கொத்துக் கொத்தாக வந்திருக்கிறது. நித்தியகல்யாணி ஒருநாள்கூட ஓயவில்லை. தெற்கே பெரணி பச்சைப்பசேல் என்று விரிந்து நிற்கிறது. எல்லாம் அளந்ததன் பலன். போட்டோ எடுத்து அரசிக்கு அனுப்பக் கை துடித்தது. அடக்கிக்கொண்டேன். கட்டுப் பிரித்தாகிவிட்டதாம். ஆடி முடிந்ததும் வந்துவிடுவாள் என்று நினைக்கிறேன். அவள் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் ஆடியில் பயணம் வேண்டாம் என்று இருக்கலாம்.

ஆகஸ்ட் 18

ஆடி நேற்றோடு முடிந்தது. போன் செய்தேன்.

"திலகவதி எப்படி இருக்கா?"

"நல்லாருக்கா. போன வாரத்துலேர்ந்து பள்ளிக்கூடம் போறா."

"நடக்கறாளா?"

"நடக்கறா, படி ஏர்றா."

"அப்ப..."

"நான் ஸ்கூட்டி ஓட்டக் கத்துக்கறேங்க" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து கடை, கோயில், ஆஸ்பத்திரி என்று எங்கே போவதானாலும் நான்தான் கொண்டுபோய் விடுகிறேன், நான்தான் கூட்டி வருகிறேன். ஒருநாள்கூட நேரம் தவறியதில்லை. இப்போது எதற்கு ஸ்கூட்டி? விழுந்து வைக்கப்போகிறாய் என்றேன். ரெண்டு தடவை விழுந்தாகிவிட்டது என்றாள், ஏதோ பரிசு வாங்கிய மாதிரி.

எப்போது வருகிறாய் என்று கேட்டேன். அதே சொல்தான். "இப்போதைக்கு இல்லீங்க."

எலும்பு கூடிவிட்டது. பிறகு எதற்கு இருக்கிறாள் என்று யோசித்துப் பார்க்கிறேன். பாத்தியில் களை எடுத்தேன்.

ஆகஸ்ட் 19

சண்டை ஏதாவது போட்டோமா என்று உட்கார்ந்து நினைத்துப் பார்த்தேன். இல்லை. நாங்கள் சண்டையே போடுவதில்லை. நான் ஒன்று சொல்வேன், அவள் சரி என்பாள்.

செப்டம்பர் 8

தெற்குப் பாத்தியில் பெரணி நுனி கருகுகிறது. மணி பிளாண்டில் இலை வெளுத்துவிட்டது. பூச்சியாக இருக்கும். வேப்பெண்ணெய் தெளித்தேன்.

செப்டம்பர் 15

இன்று ஒரு வேடிக்கை. எதிர் வீட்டில் அந்தப் பழைய கரகர சத்தம். எட்டிப் பார்த்தால் செலின், அரசியின் தொட்டிகளைத் தன் வீட்டின் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு இழுத்துக்கொண்டிருக்கிறாள். தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன். "இதுவா? சரி. பெருசு எங்க போகுது? ம், சரிக்கா" என்று யாரிடமோ பேசிக்கொண்டே இழுக்கிறாள். என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினாள். தொட்டியோடு வியாதியும் போய்விட்டது போலிருக்கிறது.

அந்தச் சத்தம் கேட்டபோது, ஒரு நொடி, அரசி எங்கள் வீட்டு நடையில் இருக்கிறாள் என்று நினைத்துவிட்டேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். அப்புறம் படிக்கவில்லை.

செப்டம்பர் 27

பெரணி பாதி போய்விட்டது. நர்சரி ஆளுக்குப் போன் செய்தேன். "வந்துரும் சார்" என்றான்.

அக்டோபர் 10

வடக்குப் பாத்தியில் ஒரு பூ இல்லை. இட்லிப்பூ இலையாக நிற்கிறது. நித்தியகல்யாணி நெட்டையாக வளர்ந்து காம்பவுண்டுச் சுவர்ப் பக்கம் கழுத்தை நீட்டிக்கொண்டிருக்கிறது. காகிதப்பூ முள்ளை மட்டும் விடுகிறது. அதே செடி, அதே மண், அதே ஆள். ஆடியில் பூத்தது ஐப்பசியை நெருங்கும்போது ஏன் பூக்கவில்லை? உரம் போட்டேன். இன்னும் நெட்டையாக வளர்கிறது.

வெயில் பகுதிச் செடி வெயில் பகுதியில்தான் இருக்கிறது. நிழல் பகுதிச் செடி நிழல் பகுதியில்தான் இருக்கிறது. படம் கையில் இருக்கிறது. எங்கே தவறு?

அக்டோபர் 23, ஆயுத பூஜை

பரணிலிருந்து பழைய அளவுச் சங்கிலியை இறக்கித் துடைத்துச் சந்தனம் வைத்தேன். நிறைமதி இரண்டு நாள் லீவில் வந்திருந்தாள். வந்ததும் வராததுமாக நடையில் நின்று, "அம்மாவோட தொட்டியெல்லாம் எங்கப்பா?" என்றாள். சொன்னேன். என் திட்டத்தையும் விளக்கினேன். புலப்படத்தைக் காட்டினேன். மஞ்சள் வட்டங்களுக்கு நடுவே நின்றுகொண்டு என்னையே பார்த்தாள்.

"இந்த வட்டம் எப்ப போட்டீங்க?"

"மே மாசம்."

"அம்மா போறதுக்கு முன்னாடியா?"

"ஆமா. ஏன்?"

செலின் வீட்டுக்குப் போய் ரொம்ப நேரம் கழித்துத் திரும்பினாள். கண் சிவந்திருந்தது. அவர்கள் வீட்டில் மிளகாய் வறுத்திருப்பார்கள். ஊருக்குக் கிளம்பும்போது, "அப்பா, உங்களுக்குத் தெரியாததை அம்மாகிட்ட ஒரு தடவ கேளுங்களேன். தெரிஞ்சத சொல்லாதீங்க. தெரியாதத கேளுங்க" என்றாள். எனக்கு என்ன தெரியாது என்று முதலில் யாராவது சொன்னால் கேட்கலாம்.

நவம்பர் 12, தீபாவளி

அரசி வரவில்லை. மன்னார்குடியிலிருந்து வந்த தெரிந்தவர் கையில் தீபாவளி மருந்து கொடுத்தனுப்பியிருந்தாள். சின்ன எவர்சில்வர் டப்பா. மூடியில் துணி கட்டியிருந்தது, அதில் ஒரு சீட்டும் இல்லை. மருந்து வழக்கமான காரத்தோடு இருந்தது. எனக்கு நெஞ்செரிச்சல் என்று வெல்லத்தை வழக்கம்போலவே கூடப் போட்டிருந்தாள்.

இதை எப்படி எடுத்துக்கொள்வது? வேண்டாம் என்று நினைக்கிறவள் வெல்லத்தைக் கூடப் போடுவாளா? வேண்டும் என்று நினைக்கிறவள் தீபாவளிக்கு வராமல் இருப்பாளா?

இதுவரை எழுதாததை இன்று எழுதிவிடுகிறேன். அவள் வராமலே இருந்துவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது.

நவம்பர் 27

நாலு நாளாக அடைமழை. வடக்குப் பாத்தி சகதி. செம்பருத்தி வேர் அழுகிச் சாய்ந்துவிட்டது. நடையில் பாசி பிடித்து இன்று நானே வழுக்கப் பார்த்தேன். தெற்கே பெரணி முழுவதும் போயிற்று, தண்டுகூட இல்லை. நான் நட்டதில் சரியாக இருப்பது நான்கு மூலைக் கற்கள்தான்.

டிசம்பர் 10, ஞாயிறு

இன்று அரசிக்குப் போன் செய்தேன். எப்போது வருகிறாய் என்று கேட்கத்தான் எடுத்தேன். வாயில் வேறு வந்தது.

"அரசி, வடக்குப் பாத்தி ஏன் பூக்க மாட்டேங்குது?"

லைன் கட்டாகிவிட்டதோ என்று போனைப் பார்த்தேன்.

"என்ன கேட்டீங்க?"

திரும்பக் கேட்டேன். எனக்குத் தெரியவில்லை, உரமும் போட்டாயிற்று, வேப்பெண்ணெயும் தெளித்தாயிற்று, ஒன்றும் புரியவில்லை என்றேன். அங்கே பாத்தி ஏது, தொட்டிதானே இருந்தது என்று அவள் கேட்பாள் என்று எதிர்பார்த்து, நானே முந்திக்கொண்டு சொன்னேன்.

"தொட்டியெல்லாம் செலின் வீட்டுல இருக்கு. உங்கிட்ட சொல்லல."

"தெரியும். நீங்க குடுத்த அன்னிக்கே போன் பண்ணிட்டா."

"ஜூன்லேர்ந்தே தெரியுமா? அப்ப ஏன் ஒண்ணும் கேக்கல?"

"நீங்க சொல்றீங்களான்னு பாத்தேன்."

நான் பேச்சைச் செடிக்கே திருப்பினேன். எதை எங்கே நட்டேன் என்று கேட்டாள். வரிசையாகச் சொன்னேன். ம் கொட்டிக்கொண்டே கேட்டாள். அவள் சிரிக்கிறாளா என்று சந்தேகமாக இருந்தது.

"நாளைக்கு மத்தியானம் வடக்குப் பக்கம் போய் நில்லுங்க. கொஞ்ச நேரம் கழிச்சு தெற்குப் பக்கம் போய் நில்லுங்க. செருப்பு போடாதீங்க. சங்கிலி எல்லாம் வேணாம், சும்மா நில்லுங்க. போதும்."

டிசம்பர் 11

நின்றேன்.

வடக்கு நடை ஜில்லென்று இருந்தது. நல்ல வெயில் அடிக்கிற நாள், மணி பன்னிரண்டு, காலடியில் பாசி. வீட்டின் நிழல் என் சுண்ணாம்புக் கோட்டையும் கல்லையும் தாண்டி, நடையையும் தாண்டி, காம்பவுண்டுச் சுவர்மேல் ஏறி நின்றது. தெற்குப் பக்கம் போனால் கால் வைக்க முடியவில்லை. சுவர் கொதிக்கிறது. பெரணி இருந்த இடத்தில் மண் பாளம் பாளமாக வெடித்திருக்கிறது.

படத்தில் வெயில் என்று எழுதிய இடம் நிழலாக இருக்கிறது. நிழல் என்று எழுதிய இடம் வெயிலாக இருக்கிறது.

சூரியன் ஆறு மாதம் வடக்கே, ஆறு மாதம் தெற்கே என்று எனக்குத் தெரியாதா? வருடா வருடம் பஞ்சாங்கத்தில் உத்தராயணம், தட்சிணாயனம் பார்க்கிறவன்தான். அது வானத்துச் சமாச்சாரம் என்று இருந்துவிட்டேன். என் வீட்டுச் சுவருக்கும் பொருந்தும் என்று தோன்றவில்லை. மூன்று நாள் அளந்துவிட்டு வருடம் முழுக்க அதுதான் என்று கல் நட்டிருக்கிறேன்.

அப்புறம்தான் நடையில் இருந்த வட்டக்கறைகளைப் பார்த்தேன். வடக்கே ஒரு வரிசை, தெற்கே ஒரு வரிசை. பெரிய தொட்டிக்கு இரண்டு பக்கமும் பெரிய வட்டம், சின்னதுக்கு இரண்டு பக்கமும் சின்னது. கண்டபடி இழுத்ததில்லை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வீடு இருந்திருக்கிறது. அதன்மேல் நான் மஞ்சள் பெயின்ட் அடித்து நம்பர் போட்டிருக்கிறேன்.

உள்ளே வந்து போன் செய்தேன்.

"வருஷா வருஷம் நீ இழுத்தது இதுக்குத்தானா?"

"ஆமா."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேங்க. இந்த வீட்டுக்கு வந்த ரெண்டாவது வருஷம் சொன்னேன். வெயில் நகருது, தொட்டியையும் நகத்தணும்னேன். வீடு நகராது, வெயில் மட்டும் எங்க போயிடப்போவுதுன்னீங்க. அதுக்கப்புறம் சொல்றத விட்டுட்டேன். இழுக்கறத மட்டும் விடல."

எனக்கு அப்படிச் சொன்னதாக நினைவில்லை. ஆனால் நான் சொல்லக்கூடிய வாக்கியம்தான்.

"அப்ப பராமரிப்பே இல்லாத செடின்னு ஒண்ணு கிடையாதா?"

"இருக்கு. பிளாஸ்டிக்ல" என்றாள்.

இப்போது என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். எது எங்கே போக வேண்டும் என்று நீங்களே பாருங்கள், கால்தான் இருக்கிறதே என்றாள். எப்போது வருகிறாய் என்று கேட்க மறந்துவிட்டேன் என்பது சாப்பிட உட்கார்ந்தபோதுதான் நினைவு வந்தது.

டிசம்பர் 16

பிழைத்திருக்கிற இட்லிப்பூவையும் நித்தியகல்யாணியையும் வேரோடு மண்ணாக எடுத்துத் தெற்கே வைத்தேன். மண்ணில் வைக்கவில்லை, புதிதாக வாங்கிய தொட்டியில். சித்திரைவாக்கில் மறுபடி மாற்ற வேண்டும் இல்லையா. மூலைக் கற்களைப் பிடுங்கிவிட்டேன். ஒன்று மட்டும் வரமாட்டேன் என்கிறது. நானே நட்டதுதான்.

மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் மஞ்சள் வட்டம் போகவில்லை.

டிசம்பர் 20

செலின் வீட்டுக்குப் போனேன். தொட்டிகளைத் திருப்பிக் கேட்கப் போகவில்லை. கேட்க எனக்கு என்ன உரிமை. எது எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்கத்தான் போனேன். எல்லாம் செழித்து நிற்கிறது. தொட்டிகளில் நான் எழுதிய நம்பர் ஒன்றில்கூட இல்லை. சுரண்டி எடுத்திருக்கிறாள்.

"அக்காதான் சொன்னாங்க சார்" என்றாள் செலின். வெட்கப்பட்டாள். நானும்தான்.

கிளம்பும்போது சின்னத் தொட்டி ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தாள். டிசம்பர் பூ, ஊதா நிறம். "இது அக்காவுக்கு ரொம்பப் பிடிக்கும் சார். நீங்க போறப்ப எடுத்துட்டுப் போங்க."

நான் போகிறேன் என்று அவளிடம் சொல்லவே இல்லை. என்னிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

டிசம்பர் 24, ஞாயிறு. மன்னார்குடி

தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். தஞ்சாவூரில் ஏறிய ஒருவர், செடிக்கு டிக்கெட் வாங்கினீர்களா என்று கேட்டார். வழியெல்லாம் அரசியிடம் என்ன சொல்வது என்று யோசித்தேன். வருகிறேன் என்று போன்கூடச் செய்யவில்லை. ஒரு வாக்கியமும் சரியாக வரவில்லை. எல்லாம் 'நீ' என்று தொடங்கி உத்தரவாக முடிந்தன.

திலகவதிதான் கதவைத் திறந்தாள். கணுக்காலைத்தான் முதலில் பார்த்தேன். நன்றாகவே நிற்கிறாள்.

"வாங்க அத்தான்" என்று சொல்லிவிட்டு, தொட்டியைப் பார்த்தாள். "அக்கா கொல்லைல இருக்கா."

முன்பக்கம் ஒரு ஸ்கூட்டி நின்றது, ஒரு பக்கம் நன்றாகவே சிராய்த்திருந்தது. கொல்லைக்குப் போனேன். கிணற்றடியை ஒட்டித் தொட்டிகள். இங்கேயும் சேர்த்துவிட்டிருக்கிறாள். புடவையை இடுப்பில் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு பெரிய சிமெண்டுத் தொட்டியை இழுத்துக்கொண்டிருந்தாள், எனக்கு முதுகு காட்டி. அந்தக் கரகர சத்தம். கொஞ்சம் இளைத்திருக்கிறாள். கறுத்திருக்கிறாள். நன்றாக இருக்கிறாள் என்பதைப் பார்த்ததும் சந்தோஷமும் பயமும் ஒரே நேரத்தில் வந்தன. எது எதனால் என்று இன்னும் தெரியவில்லை.

டிசம்பர் பூவைக் கிணற்றுக் கட்டைமேல் வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, போய்த் தொட்டியின் இன்னொரு விளிம்பைப் பிடித்தேன். அவள் நிமிர்ந்தாள். ஆச்சரியப்பட்ட மாதிரி தெரியவில்லை. என் காலைப் பார்த்தாள்.

"எங்க வைக்கணும்?" என்று கேட்டேன்.

ஒரு கையால் கண்ணை மறைத்துக்கொண்டு மேலே பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"இப்போதைக்கு இங்க" என்று கிணற்றுக்குத் தென்புறத்தைக் காட்டினாள்.

தூக்கி வைத்தோம். சத்தமே வரவில்லை. இரண்டு பேர் தூக்கினால் இழுக்க வேண்டியதில்லை என்று இத்தனை வருடம் கழித்துத் தெரிகிறது. அடுத்ததற்கும் கேட்டேன். அதற்கும் சொன்னாள். இப்படியே எல்லாத் தொட்டிகளும் ஆயின.

திலகவதி காபியோடு வந்தாள். "அத்தான் பையை எங்க வைக்கட்டும்க்கா?" என்று அக்காவைக் கேட்டாள்.

அரசி டிசம்பர் பூவின் மண்ணை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்: "இப்போதைக்கு கூடத்துல வையி."

எத்தனை நாளைக்கு என்று நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. காபியைக் குடித்துவிட்டு, பையிலிருந்து துண்டை எடுத்துக்கொண்டு, கிணற்றடியில் கைகால் கழுவப் போனேன்.